பிடியரிசி: அடுப்படியில் எழுதப்பட்ட வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். வகுப்பில் என்றால் நாற்பது நிமிடத்தில் மணி அடித்துவிடும். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஊர் ஊராக அறுப்பின் பண்டிகை நடக்கிறது. நீங்கள் அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆலயத்து முன்னால் வாழைத்தார், பூசணி, இளநீர்க் குலை, காலைக் கட்டிப்போட்ட சேவல், கருப்பட்டிச் சிப்பம். ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு ஆயிரம் ரூபாய்க்குப் போனது என்று ஒருவன் எழுதியிருக்கிறான். சந்தோஷம். ஆனால் இத்தனை படங்களில் ஒன்றிலும் பிடியரிசிப் பானை இல்லை. இளைய பிள்ளைகள் பலருக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. ஆகையால் இன்றைய பாடம் அதுதான்.

சோறு பொங்க அரிசியை அளந்து எடுத்த பிறகு, களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார்கள். அதுதான் பிடியரிசி. போடும்போது ஒரு வரி ஜெபம், அல்லது வெறும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே". எங்கள் பாட்டி இதில் கண்டிப்பானவர்கள். மூட்டையிலிருந்து புதிதாக அள்ளிப் போட விடமாட்டார்கள். "மூட்டையில இருந்து எடுத்தா அது தானம். உலைக்கு அளந்ததுல இருந்து எடுத்தாத்தான் காணிக்கை" என்பார்கள். அதாவது நம் சாப்பாட்டில் அந்த ஒரு பிடி குறைய வேண்டும். குறைந்தது தெரியவும் வேண்டும்.

வாரம் ஒருநாள் பெண்கள் சங்கத்து அம்மாமார் சாக்கும் படியும் கொண்டு வீடு வீடாக வருவார்கள். சில ஊர்களில் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போதே மடியில் கட்டிக்கொண்டு வந்து ஆலயத்துப் பெட்டியில் கொட்டுவார்கள். அளந்து, விற்று, பணம் சபைக் கணக்கில் சேரும். உபதேசியார் வீட்டுக்குக் கொஞ்சம், ஆதரவற்ற விதவைகளுக்குக் கொஞ்சம், தூர இடங்களில் ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் என்று அது பிரிந்து போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 40 கிராம் என்றால், நாளைக்கு ஒருமுறை போட்டாலும் வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல். 100 வீடுகள் உள்ள ஊரில் 1,400 கிலோவைத் தாண்டும். எந்த வீடும் அதனால் ஏழையாகிவிடவில்லை.

இதில் என்ன பெரிய வரலாறு இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, நம் மேல் சொல்லப்பட்ட ஒரு ஏச்சிலிருந்து தொடங்க வேண்டும். "அரிசிக் கிறிஸ்தவர்கள்." சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று பொருள். உங்களில் சிலர் விடுதியிலும் வேலையிடத்திலும் இதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றவர்களும் உண்டு. என்னிடமே வந்து கேட்டவர்கள் உண்டு. கோபப்படாமல் வரலாற்றைப் பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையின் தொடக்கமே ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த பிராமண விதவை குளோரிந்தாள். 1778ல் சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1780ல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் வெறும் 40. 1785ல் அந்த அம்மாளின் முயற்சியில் எழும்பிய சிறிய ஆலயத்தைப் "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்றே பாளையங்கோட்டை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கே அரிசிக்காக வந்தவர் யார்? கொடுத்தவரல்லவா இருக்கிறார்!

அடுத்து 1799. தெற்கே தேரிக்காட்டுப் பக்கம், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்களில் அடி உதையும் வீடிழப்பும் தாங்க முடியாமல் ஒன்றாகக் குடியேறிய ஊர் முதலூர். பெயரே அப்படித்தான்: முதல் ஊர். தொடர்ந்து நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம், சந்தோஷபுரம் என்று ஊர்கள் எழும்பின. அந்தப் பெயர்களை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நிழலுக்கு ஒதுங்க இடமில்லாத செம்மணல் மேட்டில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு ஆனந்தபுரம் என்று பெயர் வைக்க எப்படிப்பட்ட மனசு வேண்டும்!

1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் இன்னொரு காரியம் நடந்தது. நிலம் வேறொருவருடையது என்பதால், வேதத்தில் சேர்ந்த குடும்பங்களை நிலக்காரர்கள் எந்த நேரமும் வெளியேற்றலாம் என்ற நிலை இருந்தது. அதற்காக 1830ல் தர்ம சங்கம் என்ற அமைப்பு தொடங்கியது. காசு சேர்த்து நிலம் வாங்குவது, அதில் ஜனங்களைக் குடியேற்றுவது, ஆலயமும் பள்ளியும் கட்ட இடம் விடுவது. அந்தக் காசில் நம் முன்னோர் போட்டதும் இருந்தது. கையேந்தி நின்ற கூட்டம் என்று நினைக்கப்பட்டவர்கள், கைகோத்து இடம் வாங்கினார்கள்.

யார் இந்த ஜனங்கள்? பெரும்பாலோர் பனையேறிகள். அந்த உழைப்பைப் பாடப்புத்தகம் சரியாகச் சொல்வதில்லை. ஒரு பனை 40 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 40 மரம். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். ஏறுவது மட்டும் ஒரு நாளைக்கு 3,200 அடி. பருவம் முழுக்கத் தினமும் ஒரு மலை ஏறி இறங்குவதுபோல. நெஞ்சிலும் காலிலும் மரத்துத் தழும்பு. கீழே பெண்கள் விடிலியில் பதநீர் காய்ச்ச வேண்டும். விறகு பொறுக்கவேண்டும், புகையில் கண் எரிய நின்று கிண்டவேண்டும், பதம் தப்பாமல் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். விலையோ வியாபாரி சொல்வதுதான். மழைக்காலத்தில் மரம் ஏறும் வேலை இல்லை. கடன் உண்டு.

இந்தச் சீமையில் நெல் விளைவது தாமிரபரணித் தண்ணீர் எட்டுகிற ஊர்களில். தேரிக்காட்டில் நெல் ஏது? கம்பும் கேழ்வரகும் பனங்கிழங்கும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும். ஆகையால் பல வீடுகளில் "பிடியரிசி" என்று பெயர் சொல்லிப் போட்டது கம்பாகக்கூட இருந்தது என்று பாட்டி சொல்வார்கள். பெயர் அரிசி, பொருள் வீட்டில் இருப்பது.

இப்போது பஞ்சத்துக்கு வருவோம். 1876ல் பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை ராஜதானியைப் பஞ்சம் ஆட்டிப் படைத்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பீடு. செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, 1877ல் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். நாம் மேலே போட்ட கணக்கின்படி 11 பிடி. நாள் முழுக்க மண் வெட்டியவனுக்கு அது போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அரசாங்கத்துக்குள்ளேயே அவ்வளவு பெரிய சர்ச்சை நடந்தது.

அதே 1877 மார்ச்சில்தான் கால்டுவெல்லும் சார்ஜென்டும் திருநெல்வேலிக்கான உதவிப் பேராயர்களாக கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்கள். பஞ்ச காலத்தில் மிஷன்கள் நிவாரணம் கொடுத்தன. நாசரேத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியது. அங்கே வளர்ந்த தொழிற்பள்ளி பல தலைமுறைக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தது. அந்த இரண்டு மூன்று வருஷங்களில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். "அரிசிக் கிறிஸ்தவர்" என்ற ஏச்சு உரத்துக் கேட்டதும் அப்போதுதான்.

வரலாற்றாசிரியையாக நான் சொல்வது இது. ஆம், சோற்றுக்காக வந்தவர்களும் இருந்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பசித்தவன் சோறு போடுகிற வாசலுக்கு வருவது குற்றமா? மழை பெய்து, பஞ்சம் தெளிந்து, மிஷன் கஞ்சித் தொட்டி மூடிய பிறகு திரும்பிப் போனவர்களும் உண்டு. நாம் பார்க்க வேண்டியது மீதி இருந்தவர்களை. அவர்கள் ஏன் இருந்தார்கள்? இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

அவர்கள் செய்ததில் ஒன்று, உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திருப்பிக் கொடுத்தது.

அரிசிக்காக வந்தவர்கள் என்று ஏசப்பட்டவர்களின் பதில் அரிசியாகவே வந்தது. இதைவிட மரியாதையான பதில் எனக்குத் தெரியவில்லை. வாங்கியவள் கொடுக்கிறவளாக மாறுகிற அந்த நிமிஷத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். சாறிபாத் விதவையின் கதையை ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறீர்கள். பஞ்ச காலம், பானையில் கடைசிப் பிடி மாவு, தானும் மகனும் சாப்பிட்டுச் சாக வேண்டியதுதான் என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் எலியா போய் அப்பம் கேட்கிறார். சிறுவயதில் இது எவ்வளவு இரக்கமில்லாத கேள்வி என்று தோன்றும். நம் ஊர்ப் பெண்கள் அதை அப்படி வாசிக்கவில்லை. தீர்க்கதரிசி தன்னிடம் கேட்டார், தன்னிடம் கொடுக்க ஒன்று இருந்தது என்று வாசித்தார்கள்.

இது நம் சீமைக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் அல்ல. மேற்கே மலையாள தேசத்தில் கத்தோலிக்கக் குருவான சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ், 1860களில் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஏழைப் பிள்ளைகள் பசியோடு எப்படிப் படிப்பார்கள்? அதற்கு அவர் கண்ட வழி "பிடியரி". வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது ஒதுக்கிய அரிசி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடானது. அவரை 2014ல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. மதிய உணவு பரிமாறும் பள்ளிகளில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அந்தப் பிடி அரிசி மிகவும் நெருக்கமானது.

வடகிழக்கே, மிசோரம் மலைகளில் 1910ல் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதே வழக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் "புஹ்ஃபாய் தாம்", ஒரு பிடி அரிசி. மறு வருஷமே என்ன வந்தது தெரியுமா? மௌதாம். ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை அங்கே மூங்கில் பூக்கும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கி நெல்லை அழிக்கும். 1911, 1912 வருஷங்களில் பெரும் பஞ்சம். தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வழக்கத்தை விட்டுவிட அவர்களுக்கு நல்ல காரணம் இருந்தது. விடவில்லை. நூறு வருஷம் தாண்டியும் மிசோ வீடுகளில் அந்தப் பிடி தொடர்கிறது. இன்று அதன் மதிப்பு வருஷத்துக்குப் பல கோடி ரூபாய். அது அந்தச் சபையின் ஊழியத்துக்கு உதவுகிறது.

மற்ற மார்க்கத்து என் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது. 1866 பஞ்சத்தை ஒட்டி, 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று பெயர் வைத்தே வீட்டுக்கு வீடு அரிசி ஒதுக்கச் சொன்னார். அடுப்படியில் ஒரு பிடி ஒதுக்குகிற கைக்கு இந்த மண்ணில் பல பெயர் உண்டு. நான் எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நம் பிடியரிசியும் காணிக்கைக் காசும் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளாளன்விளையில் 1874ல் ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுக் காசு வேண்டாம், திருநெல்வேலி ஜனங்களின் காணிக்கை போதும் என்பது அதன் அஸ்திவாரம். அந்தச் சங்கம் தெரிந்துகொண்ட இடம் நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல். தெலுங்கு பேசும், தீண்டாமையில் ஒடுக்கப்பட்ட கூலி மக்கள் நடுவே ஊழியம். 1909ல் அசரியாவே அங்கே போனார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1877ல் கூலிக்கு 11 பிடி தானியம் வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள், 1903ல் வேறு மொழி பேசும் ஏழைகளுக்காகத் தங்கள் பானையிலிருந்து ஒதுக்கினார்கள். இடையில் 26 வருஷங்கள்தான்.

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. நன்றி, ஸ்தோத்திரம் என்று அதிகம் பேசினால் ஒரு சந்தேகம் வரும். இருப்பதைக் கொண்டு திருப்தியாய் இரு, வாயைத் திறக்காதே என்று ஏழைகளை அடக்குவதற்குத்தானே இது? என் வகுப்பில் துடியான பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

வரலாறு என்ன சொல்கிறது பாருங்கள். நன்றி சொன்ன அதே ஜனங்கள் போராடவும் செய்தார்கள். தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல வருஷங்கள் அடிபட்டு நின்று, 1859ல் மகாராஜாவின் பிரகடனத்தைப் பெற்றார்கள். கால்டுவெல் 1849ல் பனையேறிகளைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் தங்கள் சமுதாயத்தை இழிவுபடுத்துகிறது என்று கொதித்த சட்டாம்பிள்ளை, 1857ல் மிஷனைவிட்டு விலகி நாசரேத் பக்கத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபையையே நிறுவினார். கால்டுவெல்லுக்கு நாம் பட்ட கடன் பெரியது. தமிழுக்கும் இடையன்குடிக்கும் அவர் செய்ததை மறக்க முடியாது. அவர் எழுதியதை எதிர்த்தவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். நன்றியுள்ளவன் கேள்வி கேட்கமாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சபைக்குள்ளேயே சாதி பார்த்ததும் கல்லறையில்கூடப் பிரித்ததும் நம் வரலாற்றில் உண்டு. அதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்ல முடியாது. மனந்திரும்பத்தான் வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெண்கள் எதற்கு நன்றி சொன்னார்கள்? கஷ்டத்துக்காக அல்ல. கஷ்டத்தின் நடுவில் கண்ணில் பட்டதற்காக. இதற்கு என்னிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் விளம்பரம் வாசிக்கும்போது ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியல் வருமே, அதுதான். நாம் எல்லாரும் அந்த நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். ஆனால் சமூக வரலாறு எழுதுகிறவருக்கு அது பொக்கிஷம். சிறுவயதிலிருந்து என் காதில் விழுந்தவை: எருமை கன்று ஈன்றதற்காக. மகள் தலைப்பிரசவம் சுகமாக முடிந்ததற்காக. மரத்திலிருந்து விழுந்தும் உயிர் தப்பியதற்காக. கிணற்றில் தண்ணீர் கண்டதற்காக. மகன் பத்தாம் வகுப்பில் இரண்டாம் தடவை தேறியதற்காக. கடன் அடைந்ததற்காக. பம்பாய்க்குப் போன தம்பியிடமிருந்து கடிதம் வந்ததற்காக. கணவர் குடியை விட்டு ஒரு மாதம் ஆனதற்காக.

கடைசி வரியை மறுபடி வாசியுங்கள். ஒரு மாதம். அடுத்த மாதம் என்ன ஆகுமோ தெரியாது. ஆனாலும் இந்த ஒரு மாதத்துக்கு ஐந்து ரூபாய் காணிக்கை. எந்த அரசு ஆவணத்திலும் இப்படி ஒரு வரி கிடைக்காது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். அப்பா ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர். நான் கல்லூரியில் படித்த நாட்களில், ஒரு சமயம் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. மளிகைக்கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அம்மா உழக்கில் அரிசியைத் தலைதட்டி அளப்பார்கள், பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுக்களை மூலையில் இருந்த கலயத்தில் போடுவார்கள். "நமக்கே இல்லையே அம்மா, இப்பவுமா?" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நமக்கு இல்லேன்னு யாரு சொன்னா? உழக்குல என்ன இருக்குன்னு பாரு" என்றார்கள்.

அம்மா வேதசாஸ்திரம் படித்தவர்கள் அல்ல. எட்டாம் வகுப்பு. ஆனால் விசுவாசம் என்பதற்கு நான் பிறகு வாசித்த விளக்கங்கள் எல்லாம் அந்த உழக்குக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. பாக்கி எவ்வளவு என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைக்காரரிடம் தவணை கேட்டவர்களும் அவர்கள்தான். சம்பளத்துக்காக அப்பாவை மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து மனு எழுதச் சொன்னவர்களும் அவர்கள்தான். மனுவும் எழுத வேண்டும், ஒரு பிடியும் போட வேண்டும். இரண்டும் ஒரே கை.

வரலாற்று ஆசிரியை என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் 192 அடி. கட்டியெழுப்பிய ஜான் தாமஸ் ஐயர் பெயர் எல்லாருக்கும் தெரியும். இடையன்குடி ஆலயம் 1847ல் தொடங்கி 1880ல் முடிந்தது, கால்டுவெல் பெயர் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சபைகளை வருஷா வருஷம் நடத்திச் சென்ற அரிசிக்கு உரியவர்களின் பெயர் எங்கே? கணக்கேட்டில் "பிடியரிசி வரவு" என்று ஒரே வரி. பானை பெண்கள் கையில், பேனா ஆண்கள் கையில். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நம் பாட்டிமார், பூட்டிமார் ஆயிரக்கணக்கில் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. குக்கரில் கப் கணக்கில் அரிசி. பாதிப் பேர் வீட்டில் இரவு சப்பாத்தி. காணிக்கைக்கு ஆலய வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், ஜிபே செய்தால் சபைக் கணக்கில் உடனே ஏறிவிடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிற நீங்கள் அறுப்பின் பண்டிகைக்குக் காசு அனுப்புவது அதனால்தானே முடிகிறது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பும் காசுக்கும், ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பிடி, நாள்தோறும் ஒரு நிமிஷம் நின்று, இன்று உலை வைக்க நமக்கு இருக்கிறது என்று பார்க்க வைத்தது. சந்தோஷமான நாளிலும் போட வேண்டும், அழுத கண்ணோடும் போட வேண்டும். மரணம் நடந்த வீட்டில்கூட அடுப்பு மறுபடி மூட்டிய அன்று முதல் பிடி பானைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வாய் ஸ்தோத்திரம் சொல்ல முடியாத நாளில், கை சொல்லிவிடும்.

ஆகையால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பயப்பட வேண்டாம், மதிப்பெண் கிடையாது.

உங்கள் அம்மாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே கேளுங்கள். வீட்டில் பிடியரிசி போட்டார்களா? எந்தப் பாத்திரத்தில்? அது அடுக்களையில் எங்கே இருந்தது? யார் வந்து வாங்கிப் போனார்கள்? போடும்போது என்ன சொன்னார்கள்? பஞ்சத்தைப் பற்றி அவர்கள் பாட்டி ஏதாவது சொன்னதுண்டா? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, முழுப் பெயரும் ஊரும் சேர்த்து ஒரு நோட்டில் வையுங்கள். கோவிலுக்குப் போகாதவர்களும் எழுதலாம், வேறு கோவிலுக்குப் போகிறவர்களும் எழுதலாம்.

"அரிசிக் கிறிஸ்தவர்" என்று யாராவது அடுத்தமுறை சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஆமாம், எங்கள் பாட்டி நிறைய அரிசி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பெயரையும் சொல்லுங்கள்.

எல்லாரும் சுகமாயிருங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்